எழும்பூரிலிருந்து கப்பலேறிய மணல்

1810 வாக்கில் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கென நடந்த பள்ளிக்கூடங்களில் முதல் வரிசைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடையாது, சிலேட்டும் கிடையாது. அவர்கள் முன்னால் நீளமான மேசை ஒன்று இருக்கும். அதன் மேல்பக்கத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசி, ஓரத்தில் மரச்சட்டம் அடித்து, உள்ளே உலர்ந்த வெள்ளை மணலை மெல்லிசாகப் பரப்பியிருப்பார்கள். பிள்ளை விரலால் கோடு இழுத்தால் மணல் விலகி அடியிலிருக்கும் கறுப்பு தெரியும், எழுத்து பளிச்சென்று நிற்கும். எழுதி முடித்ததும் பெரிய பையன் ஒருவன் வந்து தட்டையான கட்டையால் மணலை இழுத்துச் சமன் செய்வான். உடனே அடுத்த எழுத்து. இப்படிக் கற்பிக்கும் முறைக்கு அந்த ஊரில் வழங்கிய பெயர் ‘மெட்ராஸ் சிஸ்டம்’.

பெயரைக் கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்தவர், முடிதிருத்துபவர் ஒருவரின் மகன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் வீட்டு ஆசிரியராக இருந்தார். ஊர் திரும்பிப் பாதிரியாராகி, 1787இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கல்கத்தா போவதாகத்தான் ஏற்பாடு. சென்னையில் இறங்கியவருக்கு இங்கிருந்த படைப்பிரிவுகளின் குருவானவர் வேலை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கவே, இங்கேயே தங்கிவிட்டார். 1789இல் எழும்பூரில் இருந்த சிறிய கோட்டையில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதி தொடங்கியபோது அதன் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அந்தப் பொறுப்புக்கு ஒதுக்கிய சம்பளத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

விடுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள். தாய் உயிரோடு இருந்தும் ‘அநாதை’ என்று பதிவான பிள்ளைகள் அவர்களில் உண்டு. தாயின் பழக்கவழக்கம் ஒட்டாமல் வளர்க்க வேண்டும் என்பது அந்த விடுதியின் நோக்கங்களில் ஒன்று. பெல்லும் அதை நம்பினார். பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரிப்பதை நற்பணி என்று எண்ணிய அந்தக் காலத்தின் கல்நெஞ்சை நாம் மறந்துவிட வேண்டியதில்லை. அதே மனிதர் அந்தப் பிள்ளைகளோடு அன்றாடம் உட்கார்ந்து, அவர்களுக்கு ஏன் எழுத்து ஏறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டார் என்பதும் உண்மை. விடுதியில் உதவி ஆசிரியர்கள் சிலர் இருந்தார்கள். மாதக்கணக்கில் பாடம் நடந்தும் கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஏ, பி, சி-யைத் தாண்டவில்லை.

ஒரு நாள் காலை குதிரைச் சவாரி போன பெல், வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அன்றைய சென்னை ஆங்கிலேயர்கள் தமிழர்களை அப்படித்தான் எழுதிவந்தார்கள். அவர் பார்த்தது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் குதிரையைத் திருப்பினார்.

அந்தத் திண்ணையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முன்னால் ஆற்று மணலைக் கொட்டிக் கையால் நிரவுவார்கள். வாத்தியாரோ, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையோ அதில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தின் மேலேயே ஓட்டுவார்கள். விரல் ஓடும்போது வாயும் சும்மா இருக்கக்கூடாது. ‘ஆனா’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அதே எழுத்தின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் பள்ளம் ஆழமாகும், விரலுக்குத் தடம் பழகும். பிறகு மணலை அழித்துவிட்டுத் தானாக எழுதச் சொல்வார்கள். எழுத்து கோணலாக வந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு, தவறு போய்விடும். அடித்தல் திருத்தல் எதுவும் மணலில் தங்காது. எழுத்து கைக்கு வந்தபிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலை விலையுள்ள பொருள், எழுத்தாணி கூர்மையானது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் முதலில் கொடுக்கத் தக்கவை அல்ல. மணல் ஆற்றங்கரையில் அள்ளக் கிடைத்தது.

இதில் கண், காது, வாய், கை நான்கும் ஒரே நொடியில் ஒரே எழுத்தின் மேல் நிற்கின்றன. இந்தக் கதையின் கரு இதுதான் என்று நினைக்கிறேன்.

விடுதிக்குத் திரும்பிய பெல், கடைசி வகுப்பில் மணலைப் பரப்பி எழுதச் சொல்லிக் கொடுங்கள் என்று உதவி ஆசிரியரிடம் சொன்னார். அவருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது, நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற ஒரு சிப்பாய் மகனைக் கூப்பிட்டார். அவனுக்கு அப்போது எட்டு வயதளவில் இருக்கும். கடைசி வகுப்பை உன்னிடம் விடுகிறேன், மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு, எனக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீதான் என்றார். ஆசிரியர் முடியாது என்றதைப் பையன் முடித்தான். அதன்பிறகு அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் பிள்ளைகளையே சொல்லிக்கொடுப்பவர்களாக அமர்த்தினார் பெல். சில ஆண்டுகளில் ஃப்ரிஸ்கென்னின் பொறுப்பில் நூறு பேரளவுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அவனுக்கும் இன்னும் மீசை முளைக்கவில்லை.

பிரம்புக்குப் பதிலாக பெல் ஒரு கறுப்புப் புத்தகம் வைத்தார். குற்றங்களை அதில் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை பிள்ளைகளையே நடுவர்களாக உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லவைத்தார். திண்ணையில் அவர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட ஒன்று உண்டென்றால் அது பிரம்படி. அதை விட்டது நல்லதுதான். அண்ணாந்தாள் பூட்டுவது, கோதண்டம் போடுவது என்ற தண்டனைகளால் நம் திண்ணை வாத்தியார்கள் பிள்ளைகளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மணல் திண்ணையிலிருந்து எடுத்தது, பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதே பெல்லின் வாதம். உதவி ஆசிரியர்கள் மறுத்ததால் அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்பதை நம்பலாம். ஆனால் சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளிக்கூடம் ஏது? வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் முப்பது நாற்பது பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடத்தில். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் அங்கே ஒரு நாள்கூட ஓடாது. பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இதை ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1623 நவம்பரில் கன்னட நாட்டின் இக்கேரியில், கோயில் முகப்பில் உட்கார்ந்து கணக்குப் படித்த நான்கு சிறுவர்களைப் பார்த்தார். தரையில் நுண்மணலைத் தூவி, பாடத்தைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினார்கள். தரை நிறைந்ததும் எழுதியதை அழித்துப் புது மணல் தூவினார்கள். வாத்தியார் இல்லையே, மறந்துபோனால் யார் திருத்துவது என்று கேட்டார் அவர். நாலு பேரும் ஒரே இடத்தில் மறக்க மாட்டோமே என்றார்களாம். ஒருவனுக்கு மறந்தால் மற்றவன் எடுத்துக்கொடுப்பான். இதைவிடத் தெளிவாக அந்த முறையை எந்தக் கல்வியாளரும் விளக்கியதில்லை.

உடல்நலம் கெட்டதால் பெல் 1796இல் சென்னையை விட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டே லண்டனில் சிறிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். சென்னை ஆண் பிள்ளைகள் விடுதியில் நடந்த கல்விச் சோதனை என்பது அதன் பொருள். ஆசிரியரோ பெற்றோரோ மேற்பார்வை மட்டும் பார்த்தால் போதும், ஒரு பள்ளியோ குடும்பமோ தனக்குத்தானே கற்பித்துக்கொள்ள முடியும் என்று அதன் தலைப்பே நீட்டி முழக்கியது. 1798இல் லண்டன் ஆல்ட்கேட்டில் செயின்ட் பொட்டால்ஃப் ஆலயப் பள்ளி முதலில் இதைப் பின்பற்றியது. அதே ஆண்டில் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். ஆசிரியர்கள் வைக்கக் காசில்லாமல் அவரும் பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவைத்தார். பெல்லின் புத்தகத்தைப் படித்து மணலையும் எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது நெடிய சண்டை. லங்காஸ்டர் குவேக்கர் சபைக்காரர், பெல் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர். கண்டுபிடிப்பு யாருடையது என்ற வழக்கு, ஏழைப் பிள்ளைகள் யார் கைக்குப் போவது என்ற மதச் சண்டையாக முற்றியது. லங்காஸ்டர் பக்கம் ஒரு சங்கம் எழுந்தது, திருச்சபை 1811இல் பெல்லின் முறையைப் பரப்பத் தேசியச் சங்கத்தைத் தொடங்கியது. இரு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளி திறந்ததால் லாபம் பிள்ளைகளுக்கு. 1832இல் பெல் இறந்தபோது அவர் முறையில் நடந்த பள்ளிகளின் எண்ணிக்கையை 12,000 என்று சொல்வார்கள். கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதேயும் அவர் பக்கம் நின்று எழுதினார்கள். வேர்ட்ஸ்வொர்த் கிராஸ்மியர் கிராமப் பள்ளியில் இந்த முறையில் தானே பாடம் எடுத்தார். வேல்ஸில் பென்லி என்ற சிற்றூரில் 1811இல் தொடங்கிய பள்ளிக்கு இன்றுவரை மெட்ராஸ் பள்ளி என்றே பெயர். செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல்லின் பணத்தில் எழுந்த மெட்ராஸ் கல்லூரியும் நடந்துகொண்டிருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரைப் புதைத்தார்கள்.

மணல் மேசையில் ஆங்கில எழுத்துகளை லங்காஸ்டர் அகர வரிசையில் கற்பிக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. உருவத்தைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஐ, ஹெச், டி, எல், இ, எஃப் எனப் பெரிய எழுத்துகளில் நேர்கோடு மட்டும் உள்ளவை முதலில். ஏ, வி, டபிள்யூ, எம் போலச் சாய்கோடு உள்ளவை அடுத்து. ஓ, யூ, சி முதலிய வளைவுகள் கடைசியில். பிள்ளையின் விரலுக்கு எது எளிதோ அதிலிருந்து தொடங்கினார். தமிழில் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி ‘படம்’, ‘பட்டம்’ என்று சொல்லுக்குப் போகும் நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் செய்வதும் இதையேதான். அ-வின் சுழியில் விரலை ஓட்டுவது ஐந்து வயதுக்கு எவ்வளவு கடினம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எழுத்து வந்துவிட்டால் வாசிப்பு வந்துவிடுமா? இங்கேதான் திண்ணைக்கும் லண்டனுக்கும் உள்ள தூரம் தெரிகிறது. தமிழ்ப் பிள்ளை கானா, காவன்னா, கீனா என்று சொல்லி எழுதியது. பெயர் நீண்டு ஒலித்தாலும் அதன் தலையில் எழுத்தின் ஒலியே இருக்கிறது. 247 எழுத்து என்று மலைக்கவைத்தாலும் அவை 12 உயிரும் 18 மெய்யும் பெருகியவையும் ஓர் ஆய்தமும்தான். குறியீடுகள் கைவந்த பிள்ளை, முன்பின் பார்த்திராத சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் க ஒரே மாதிரி ஒலிக்காது. தமிழைக் காதால் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, நாக்கு தானே திரும்பிக்கொள்ளும்.

லண்டன் பிள்ளையும் அதேபோல் மணலில் எழுதிக்கொண்டே எழுத்தின் பெயரைச் சொன்னது. சி, ஏ, டி என்று மூன்று பெயர்களை அடுத்தடுத்துச் சொன்னால் ‘கேட்’ எப்படி வரும்? ஹெச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றின் பெயரைக் கேட்டு ஒலியை ஊகிக்கவே முடியாது. 26 எழுத்து, ஒலிகளோ 44 அளவில். அதனால் மணலில் எழுத்தை விரைவாகக் கற்ற பிள்ளை, வாசிப்பு என்ற அடுத்த படியில் தடுக்கி நின்றது. பெல் அசை அசையாகப் பிரித்துப் படிக்கவைத்துப் பார்த்தார், ஓரளவு உதவியது. பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடுங்கள் என்று ஜெர்மனியில் வாலண்டைன் இக்கெல்ஸாமர் 1527இலேயே எழுதியிருந்தார். அது வகுப்பறைக்கு வந்து நிலைக்க நூற்றாண்டுகள் ஆயின. அதைத்தான் இன்று ஃபோனிக்ஸ் என்கிறோம். அமெரிக்காவில் ருடால்ஃப் ஃப்ளெஷ் 1955இல் எழுதிய புத்தகத்திலிருந்து இங்கிலாந்தில் 2006இல் வந்த ரோஸ் அறிக்கை வரை அரை நூற்றாண்டு இதற்காகச் சண்டை நடந்தது. 2012இலிருந்து இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களை வாசிக்கும் சோதனை நடக்கிறது. அவற்றில் பாதி, பொருளே இல்லாத சொற்கள். மனப்பாடத்தில் சொல்ல முடியாது, ஒலிகூட்டி மட்டுமே வாசிக்க முடியும் என்பதால் அப்படி. அந்தச் சோதனை நல்லதா என்ற விவாதம் அங்கே ஓயவில்லை. நம் ஊரில் ஆங்கில ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் வாசிப்பு நன்றாக ஊன்றிய பிள்ளைக்கு எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்ற பெரிய உண்மை ஏற்கெனவே தெரியும். ஃபோனிக்ஸின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் மணல் ஏன் நிலைக்கவில்லை? சிலேட்டு மலிந்தது ஒரு காரணம். பெரிய காரணம், அந்த முறை வளர வளரத் திண்ணையின் அளவை மறந்ததுதான். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் பாடம் நடத்தலாம் என்பதே ஆட்சியாளர்களும் கொடையாளர்களும் அதில் கண்ட கவர்ச்சி. சட்டாம்பிள்ளைகள் கட்டளை போடுகிறவர்களானார்கள், பாடம் அணிவகுப்பானது. தெரிந்ததைப் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்வது போய், புரியாததையும் கூட்டமாகக் கத்துவது வந்தது. 1846இல் அரசு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்தபிறகு மெட்ராஸ் முறை மெல்ல மெல்ல ஒதுங்கியது.

இதற்கிடையில் அது சொந்த நாட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. வங்காளத்தின் சின்சுராவில் ராபர்ட் மே என்ற மிஷனரி 1814இல் பெல்லின் முறையில் பள்ளிகள் திறந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. அதே 1814 ஜூனில் வங்காளத்துக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் காலங்காலமாக வழங்கிவரும் முறையையே டாக்டர் பெல் வழியாக இங்கிலாந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதைவிடப் பெரிய பாராட்டு வேறு இல்லை என்ற பொருளில் அவர்களே எழுதினார்கள். 1823இல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் திண்ணைப் பள்ளிகளை நேரில் பார்த்து அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை என்று ஒரு சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, அடுத்தவனுக்கு இரண்டு என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்து பின்பற்றியது சரியே என்றும் பாராட்டினார். அதே அறிக்கையில், நாடு வறுமைப்பட்டு வருவதால் மக்களால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை என்றும் எழுதினார்.

அந்த விவரங்களைக் கேட்டு வாங்கிய கவர்னர் தாமஸ் மன்றோ, 1826இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் கணக்கைத் தொகுத்தார். பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. இந்த எண்களைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. அள்ள அள்ளக் குறையாத மணல்தான், அதன்முன் உட்காரும் உரிமைக்குத்தான் வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலியைத் திண்ணை தானாக அகற்றவில்லை. போராட்டமும் சட்டமும் அரசுப் பள்ளியும் மதிய உணவும் வந்துதான் அது சரிந்தது.

மணல் எழுத்து முழுக்க அழிந்துவிடவும் இல்லை. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ பிள்ளையின் விரல் பிடித்து எழுதவைக்கிறோம். ரோம் நகரில் மரியா மாண்டிசோரி 1907இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் சொரசொரப்பான காகிதத்தில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லவைத்தார். அவரே 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர்கள் இன்று மணல் தட்டையே முதலில் எடுக்கிறார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் படியில் படித்தார்கள், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தை. தட்டின் அடியில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். சலித்த மணலாக இருக்கட்டும், அடித்தளம் மறையும் அளவுக்குப் பரப்பினால் போதும், தடிமனாகப் போட்டால் எழுத்து சரிந்துவிடும். எழுதுவது ஆள்காட்டி விரலாக இருக்கட்டும், எழுதும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டால் தப்பு என்று சொல்ல வேண்டாம், மணலை நிரவிவிட்டு விரலைப் பிடித்து ஒருமுறை ஓட்டினால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை உட்காரவையுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போன வருஷம் இதே எழுத்தில் தடுமாறிய பிள்ளைக்கு விரல் எங்கே வழுக்கும் என்பது நன்றாக நினைவிருக்கும்.